ஷிம் தரவுத்தளத் தாக்குதலைக் கண்டறிதல்

ஷிம் என்பது, பழைய விண்டோசுக்கு எழுதப்பட்ட மென்பொருளைப் புதிய பதிப்பில் இயங்கச் செய்ய இயக்குதளம் இடையில் செருகும் சிறு நிரல்துண்டு ஆகும். மென்பொருள் இயக்குதளத்திடம் கேட்பதை இது இடைமறித்து, வேண்டியபடி மாற்றிய விடையைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, எக்ஸ்பி பதிப்பை மட்டும் ஏற்கும் மென்பொருளிடம் அது எக்ஸ்பி கணினிதான் என்று பொய் சொல்லும். எந்த நிரலுக்கு எந்த ஷிம் என்ற விவரம் எஸ்டிபி வகைத் தரவுத்தளக் கோப்பில் இருக்கும்.

நிர்வாகிகள் தமக்கு வேண்டிய தரவுத்தளத்தை எஸ்டிபிஇன்ஸ்ட் என்ற கருவியால் நிறுவலாம். தாக்குநர்களுக்கும் இதுவே வாய்ப்பாகிறது. குறிப்பிட்ட நிரல் தொடங்கும்போதெல்லாம் வேறொரு டிஎல்எல் கோப்பை அதனுள் ஏற்றும் ஷிம்களும் உண்டு. எனவே கணினியை மீண்டும் தொடங்கினாலும் தீநிரல் இயங்கும். நிறுவுவதற்கு நிர்வாகி உரிமை தேவை என்பதால் இது கணினிக்குள் நுழையும் வழியன்று. நுழைந்தவர் நிலைத்திருக்கும் வழி.

கட்டண அட்டைத் தரவுகளைத் திருடும் ஃபின்7 குழு இம்முறையைக் கையாண்டதை 2017இல் ஃபயர்ஐ நிறுவனம் வெளிப்படுத்தியது. விண்டோசின் அடிப்படை நிரலான சர்வீசஸ், நினைவகத்தில் இருக்கும்போது மட்டும் மாற்றப்பட்டு, கார்பனாக் என்ற பின்கதவு நிரல் இயக்கப்பட்டது. தரவுத்தளத்துக்கு மைக்ரோசாப்ட் இற்றைப்படுத்தல் போலத் தோன்றும் 'கேபி2832077' என்ற விளக்கம் இடப்பட்டிருந்தது. வட்டிலுள்ள கோப்பு மாறாததால் அதன் எண்ணிம ஒப்பம் சரியாகவே இருக்கும். கோப்பை மட்டும் சோதிப்பவர் ஏமாறுவார்.

ஆனால் நிறுவல் தடயம் விட்டுச்செல்கிறது. விண்டோசு பதிவகத்தில் ஆப்கம்பேட்ஃபிளாக்ஸ் கிளையின் கீழுள்ள கஸ்டம் என்ற சாவி எந்த நிரல் குறிவைக்கப்பட்டது என்பதையும், இன்ஸ்டால்டுஎஸ்டிபி என்ற சாவி தரவுத்தளம் எங்கே உள்ளது என்பதையும் காட்டும். விண்டோசு தன்னுடன் கொண்டுவரும் திருத்தங்கள் சிஸ்மெயின் என்ற தனித் தரவுத்தளத்தில் இருப்பதால், இங்கே பெரும்பாலும் பதிவுகள் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் கையால் பார்ப்பது கடினமன்று. சர்வீசஸ் போன்ற இயக்குதள நிரலுக்குப் பழைமை இணக்கம் எதற்கு என்ற கேள்வியே நல்ல தொடக்கம். கோப்பின் நீட்சியை மட்டும் நம்பித் தேடக்கூடாது. ஃபின்7 தற்காலிகக் கோப்பின் நீட்சியையே பயன்படுத்தியது.

எஸ்டிபிஇன்ஸ்ட் இயங்கியதை, செயல்முறைத் தணிக்கை முன்பே இயக்கப்பட்டிருந்தால், 4688 எண் நிகழ்வில் காணலாம். எல்லாப் பதிவும் தாக்குதலன்று. மைக்ரோசாப்டின் ஈமெட் பாதுகாப்புக் கருவியே ஷிம் வழியாகத்தான் இயங்கியது. ஐயத்துக்குரிய தரவுத்தளம் கிடைத்தால், முதலில் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதே எஸ்டிபிஇன்ஸ்ட் கருவியால் நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். நினைவகத்தில் ஏற்கெனவே ஏறிய மாற்றம் அதுவரை அங்கேயே இருக்கும்.