காற்றில் பட்டுத் திரும்பும் அலை

எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போவோம். தலைக்கு மேலே 15 கிலோமீட்டரில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிய வேண்டுமானால், திருப்பதியைத் தாண்டிக் காதங்கி கிராமத்துக்குப் போக வேண்டும்.

குன்றுகளுக்கு நடுவே, 130 மீட்டர் நீள அகலத்தில் ஒரு மைதானம். அதில் 32 வரிசை, வரிசைக்கு 32 என்று 1,024 ஆன்டெனாக்கள். தூர்தர்ஷன் தெரிய மொட்டை மாடியில் ஏறித் திருப்பித் திருப்பி வைத்தோமே, அதே யாகி வகைதான். இவை வானத்தைப் பார்த்து நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் எம்.எஸ்.டி. ரேடார் இது. 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது.

மேலே அனுப்புவது வானொலி அலையை மட்டும்தான். மேகம்கூட இல்லாத வெறும் காற்றில் அது எதில் மோதித் திரும்புகிறது? வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பமும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறுவதால் உயரத்திலும் அப்படிச் சுழிகள் உண்டு. ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். அதில் பாதி அளவுள்ள நெளிவுகள்தான் அலையைத் திருப்பி அனுப்புகின்றன.

காற்றின் திசையை அறிய அலைக் கற்றையைச் சாய்த்து அனுப்ப வேண்டும்; ஆனாலும் இத்தனை ஆன்டெனாக்களில் ஒன்றுகூட அசைவதில்லை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட ஒரு நொடியின் நூறு கோடியில் இரண்டு பங்கு அளவு தாமதித்து அலையை விட்டால் போதும், கற்றை தானாக 10 பாகை சாய்ந்துவிடும்.

சாய்ந்து போன அலை, காற்றின் வேகத்தையும் சுமந்து வருகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று என்றால், நொடிக்கு 5.3 கோடி முறை அதிரும் அலையில் ஓர் அதிர்வுகூட முழுதாகக் கூடவோ குறையவோ செய்யாது! இந்தச் சிறு மாற்றம்தான் டாப்ளர் விளைவு, அதாவது நகரும் பொருளில் பட்ட அலையின் அதிர்வு மாறுவது. ஒருமுறை அனுப்பும் அலைத் துடிப்பில் இதைப் பிடிக்கவே முடியாது. பல நொடிகள் விடாமல் கேட்டு, ஆயிரக்கணக்கான எதிரொலிகளைக் கணினியில் சேர்த்துத்தான் பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆன்டெனாக் காட்டைவிட இந்தப் பொறுமைதான் பெரிய பொறியியல்.

வளிமண்டலத்தில் தரையை ஒட்டிய அடுக்கிலிருந்தும் அதற்கு மேலுள்ள அடுக்கிலிருந்தும், சுமார் 20 கிலோமீட்டர் உயரம்வரை, இப்படி எதிரொலி வரும். பிறகு ஒன்றுமில்லை. 60 கிலோமீட்டருக்கு மேலே, பகலில் மட்டும் மறுபடி கேட்கும். அங்கே சூரிய ஒளி பிரித்துவிடும் எலக்ட்ரான்கள் அலையைத் திருப்புகின்றன. நடுவிலுள்ள ஊமை உயரத்தின் பெரும்பகுதியை, அதே வளாகத்தில் 1998 முதல் இருக்கும் லைடார் என்ற லேசர் கருவி இரவில் பச்சை ஒளி பாய்ச்சிப் பார்த்துக்கொள்கிறது.