முழங்கால் வரை ஏறும் பூட்ஸ்: எந்தக் காலுக்கும் பொருத்தமாக வாங்க

குதிரையேற்றத்துக்கான உயரமான பூட்ஸ் வாங்கப் போனவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பாதம் சரியாக நுழைந்துவிடும். ஜிப் மட்டும் பாதிக் கெண்டைக்காலோடு நின்றுவிடும். சிலருக்கு ஜிப் தடையில்லாமல் ஏறும், ஆனால் மேல்விளிம்பு முழங்கால் மடிப்பையும் தாண்டி நிற்கும். ஒல்லிக் கால்காரர்களுக்கோ தோல் தொளதொளவென்று தொங்கும். "உங்க கால் அமைப்பு அப்படி" என்று கடைக்காரர் சொன்னதும், குறை தம்மிடம்தான் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். குறை காலில் இல்லை, பூட்ஸ் வெட்டும் கணக்கில் இருக்கிறது.

வழக்கமான ஆயத்த பூட்ஸில் பாத அளவு ஏற ஏற, உயரமும் கெண்டைச் சுற்றளவும் கூடவே ஏறுகின்றன. நெட்டையானவருக்குக் கெண்டை பெரிது, குட்டையானவருக்குச் சிறிது என்பது அந்தக் கணக்கு. மனிதக் கால் அப்படி வளர்வதில்லை. சிறிய பாதமும் திரண்ட கெண்டையும் உள்ள குட்டைக் கால், நீண்டு மெலிந்த கால், கெண்டைச் சதை முழங்காலுக்கு அருகிலேயே உருண்டிருக்கும் கால், அடிபட்டு ஆறியதால் ஒன்றைவிட ஒன்று பருத்த கால் என்று எத்தனையோ உண்டு. இவற்றில் எதுவும் அபூர்வமல்ல.

கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டுமே என்று விட்டுவிடவும் முடியாது. குதிரையோடு பேசுவது கெண்டைக்கால்தான். மெல்ல அழுத்தினால் நட, இன்னும் கொஞ்சம் என்றால் வேகம் கூட்டு என்று அது சொல்லும். தோல் மடிந்து நடுவில் நின்றால் அந்தச் செய்தி தெளிவாகப் போய்ச் சேராது. மடிப்பு உரசி உங்கள் தோலும் புண்ணாகும். உயரம் குறைந்த பூட்ஸின் விளிம்பு சேணத்தின் பக்கத்தோலுக்கு அடியில் சிக்கும். இறுக்கம் அதிகமானால் பாதம் மரத்துப்போகும்; அங்கவடியில் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற உணர்வே போய்விடும்.

ஆகவே முதலில் அளவு, பிறகுதான் கடை. மாலையில் அளவெடுங்கள்; நாள் முழுக்க நடமாடியபின் கால் சற்று வீங்கியிருக்கும், சவாரியிலும் அப்படித்தான் இருக்கும். குதிரையேறும்போது அணியும் அதே காலுறையையும் இறுக்கமான கால்சட்டையையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். முழங்கால் நேர்கோணத்தில் மடங்கி, பாதம் தரையில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரம். கெண்டையின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு. கடைகள் கேட்பது இவ்வளவுதான். கால் அமைப்பு வழக்கத்திலிருந்து மாறியவர்கள் கணுக்கால் சுற்றளவையும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள சுற்றளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கெண்டை மேலே ஏறியிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுக்கும். இரண்டு கால்களையும் அளந்து, பெரியதை வைத்து வாங்குங்கள். வேறொருவர் அளப்பது நல்லது. நாமே குனிந்து அளந்தால் சதை இறுகி எண் மாறிவிடும்.

இனி, பலரும் தவறவிடுகிற விஷயம். புதுத் தோல் பூட்ஸ் கணுக்காலில் மடிந்து படியும்போது அதன் உயரம் 2, 3 சென்டிமீட்டர் இறங்கும், சில பூட்ஸில் இன்னும் கொஞ்சம் கூட. கடையில் முழங்கால் மடிப்புக்குக் கச்சிதமாக நின்ற பூட்ஸ், சில வாரங்களில் குட்டையாகிவிடும். வாங்கும்போது பின்விளிம்பு முழங்கால் மடிப்பை உரசி லேசாகத் தொந்தரவு கொடுக்கத்தான் வேண்டும். அது படியும் வரை குதிகாலுக்கு அடியில் ஒரு மெத்தைத் துண்டு வைத்தால் கால் சற்று உயர்ந்து, உரசல் குறையும். தோல் இறங்க இறங்க அதை எடுத்துவிடலாம். சுற்றளவில் இதே அளவு நெகிழ்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். நல்ல தோல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுக்கொடுக்கும். செயற்கைத் தோல் அதுவும் கொடுக்காது.

வகை தெரிந்து கேட்டால் பாதி வேலை முடிந்தது. கணுக்காலின் முன்பக்கம் கயிறு கட்டும் ஃபீல்டு பூட்ஸ், பாதத்தின் மேல்மேடு உயர்ந்தவர்களுக்கு ஏற்றது. கயிற்றைத் தளர்த்தி இடம் பண்ணிக்கொள்ளலாம். கயிறில்லாத டிரெஸ் பூட்ஸ் பார்க்க நேர்த்தி, ஆனால் அந்த இடத்தில் இரக்கம் காட்டாது. பின்பக்க ஜிப்போடு நீளவாக்கில் எலாஸ்டிக் பட்டை வைத்தவை திரண்ட கெண்டைக்கு உதவும். எலாஸ்டிக்கை முழுக்க இழுத்தால்தான் ஜிப் ஏறுகிறது என்றால் அந்த ஜோடி வேண்டாம். சீக்கிரம் ஜிப் பிய்ந்துகொள்ளும். பல தயாரிப்பாளர்கள் ஒரே பாத அளவில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று உயரத்தையும், ஒல்லி முதல் அகலம் வரை சுற்றளவையும் தனித்தனியாகத் தருகிறார்கள். கடையில் அடுக்கியிருப்பது அவற்றில் சிலதான். அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. உட்காருங்கள், முழங்காலை நன்றாக மடக்குங்கள், கடையில் சேணம் ஏற்றிய மரக்குதிரை இருந்தால் அதில் ஏறி அங்கவடியில் காலை வையுங்கள். மேல்விளிம்பில் ஒரு விரல் இறுக்கமாக நுழைந்தால் அளவு சரி.

சுற்றளவில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தால் தோல் வேலை தெரிந்தவர் காலச்சில் மாட்டி விரித்துக்கொடுப்பார். அதற்கு மேல் என்றால் பின்பக்கம் பிரித்து முக்கோணத் தோலோ எலாஸ்டிக்கோ வைத்துத் தைக்க வேண்டும். உள்பக்கத்தில் தையல் போட விடாதீர்கள். அங்கேதான் சேணம் உரசும். தொளதொளப்பைப் பிடித்துத் தைப்பது இதைவிட எளிது. உயரத்தை வெட்டிக் குறைக்கலாம், ஆனால் ஜிப்பையும் மேல்விளிம்பையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும் என்பதால் செலவு கூடும்.

அளவெடுத்துச் செய்வது கடைசி வழி. கால் முழுவதையும் பல இடங்களில் அளந்து, பாதத்தைத் தாளில் வரைந்து செய்வார்கள். விலையும் அதிகம், காத்திருப்பும் அதிகம், பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உடல் எடை மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இதில் இறங்க வேண்டாம்.

கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, குட்டையான ஜோத்பூர் பூட்ஸும் அதற்கு மேல் கெண்டையைச் சுற்றிக் கட்டும் ஹாஃப் சாப்ஸும்தான். இது பழைய யோசனைதான். 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக லண்டன் போன ஜோத்பூரின் சர் பிரதாப் சிங், கெண்டையை ஒட்டிப்பிடிக்கும் தம் ஊர்க் கால்சட்டையை அங்கே பிரபலமாக்கினார். அந்தக் கால்சட்டைக்கு உயர பூட்ஸே தேவைப்படவில்லை. கணுக்கால் பூட்ஸ் போதுமானதாக இருந்தது. இன்றைய ஹாஃப் சாப்ஸும் அந்த வசதியைத்தான் தருகிறது. பாதத்துக்கு ஓர் அளவு, கெண்டைக்கு வேறோர் அளவு என்று தனித்தனியாக வாங்கலாம். பூட்ஸின் அதே நிறத்தில் உள்ள வழவழப்பான தோல் சாப்ஸைப் பல போட்டிகளில் ஏற்றுக்கொள்கிறார்கள், விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழு பூட்ஸ் கட்டாயம் என்று விதி சொல்லும் வரை, இறுகிப்பிடிக்கும் ஒரு ஜோடிக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.