கல்லாப்பெட்டிக்கு யார் பி.எஃப். பிடிப்பது?

கேரளத்தின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகு அணைந்தால் மலையாளத்தோடு தமிழும் கேட்கும். தூத்தூர், குளச்சல் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பும் துறை அது. ஐஸ், வலை, பலசரக்கு, சாயா என்று அவர்களை நம்பிப் பல கடைகள். முதலாளி, கணக்குப்பிள்ளை, எடுபிடி எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கம்பெனி ஊழியருக்கு மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள், இவருக்குப் பிடிக்க யாருமில்லை.

வரியையும் முதுமையையும் அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் வரி. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளை வைத்துப் பெங்களூருவின் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பலர் பயந்துபோய் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு, ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். ஆனால் விதி அவ்வளவு பயங்கரமானதல்ல. மாநிலத்துக்குள் சரக்கு விற்பவரின் விற்றுமுதல் கேரளத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். பச்சை மீனும் காய்கறியும் மட்டும் விற்பவருக்குப் பதிவே வேண்டாம். வரம்பைத் தாண்டியவர்களுக்கும் 1.5 கோடி வரை கம்போசிஷன் திட்டம் இருக்கிறது: வியாபாரிக்கு 1 சதவீதம், ஓட்டலுக்கு 5 சதவீதம். அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது.

வருமான வரியிலும் உத்தேச லாபக் கணக்கு உண்டு. ஒரு பலசரக்குக் கடையில் ஆண்டுக்கு 30 லட்சம் விற்பனை, அதில் 20 லட்சம் யு.பி.ஐ., 10 லட்சம் ரொக்கம் என்று வைத்துக்கொள்வோம். யு.பி.ஐ. வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம்: குறைந்தபட்ச லாபம் 2 லட்சம். பேரேடு எழுதித் தணிக்கை செய்யத் தேவையில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியும் இல்லை. ஆனாலும் உண்மையான லாபம் அதிகமாக இருந்தால் அதையே காட்டி ரிட்டர்ன் போட வேண்டும். குறைத்துக் காட்டியவர் வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தக் காகிதமே குறுக்கே நிற்கும்.

இனி முதுமை. கேரளத்துக் கடைக்காரரின் சேமிப்பு என்றால் முதலில் சிட்டி எனப்படும் சீட்டுதான். 1969 முதல் இயங்கும் அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. இதில் பேர்போனது. சரக்கு எடுக்க, கடையைப் பெரிதாக்கச் சிட்டி நல்லது. ஆனால் ஏலம் எடுத்த பணம் மறுநாளே சரக்காகிவிடும். அறுபது வயதுக்கு மிஞ்சாது. அதற்குக் கடைக்காரரின் கை சுலபமாக எட்டாத கணக்கு வேண்டும். அஞ்சலகத்தில் பி.பி.எஃப். தொடங்கி ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் 60,000 ரூபாய் போட்டுவந்தால், 7.1 சதவீத வட்டி நீடிக்கும்பட்சத்தில், 15 ஆண்டு முடிவில் சுமார் 16.27 லட்சம் சேரும். வருமான வரி கட்டாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறது. 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும்.

பணத்தை எங்கே போடுவது என்று கடை வாசலுக்கே வந்து யோசனை சொல்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: உங்கள் பதிவெண் என்ன? உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்? மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் விநியோகஸ்தரிடம் ஏ.ஆர்.என். எண் இருக்கும், அவருக்குக் கமிஷன் தருவது ஃபண்ட் நிறுவனம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவான ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், அவர் கட்டணம் வாங்குவது வாடிக்கையாளரிடம். அந்த ஐ.என்.ஏ. எண் உண்மையா என்று செபியின் இணையதளத்தில், கல்லாவில் உட்கார்ந்தபடியே, செலவில்லாமல் பார்த்துவிடலாம்.