தோல்விக்குப் பின் வரும் கேள்விகள்

‘தோல்வியே வெற்றிக்கு முதற்படி’ என்று பெரியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் தோற்ற சில நிமிடங்களுக்குள், கண்ணீர் காய்வதற்கு முன்பே, ‘ஏன் தோற்றீர்கள்?’ என்ற கேள்விக்கு உலகத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டியவர்களின் நிலையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அது தொழிலின் ஒரு பகுதி.

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் முன்னேறுவர். அணிக்கு 11 பேர். ஆட்டம் 60 நிமிடம். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள். இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள். அந்நாட்டின் தேசியக் கால்பந்து லீகில் 32 அணிகள் உள்ளன. அவற்றுள் 14 அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குத் தேர்வாகின்றன. அங்கே ஒருமுறை தோற்றால் அவ்வளவுதான். அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் 13 நல்ல அணிகள் தோல்வியோடுதான் வீடு திரும்புகின்றன.

ஆட்டம் முடிந்து சுமார் பத்து நிமிடங்களில் நிருபர்கள் வீரர்களைச் சந்திக்க வருவார்கள். தலைமைப் பயிற்சியாளரும் பேட்டியளிக்க வேண்டும். இது லீகின் விதி. பேச மறுத்தால் அபராதம் உண்டு. 2014ஆம் ஆண்டில் மார்ஷான் லிஞ்ச் என்ற வீரருக்கு 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது! ரசிகர்கள் சார்பாகவே கேட்கிறோம் என்கிறார்கள் நிருபர்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ‘எதனால் தோற்றீர்கள்?’ என்று கேட்பது வேறு, ‘யாரால் தோற்றீர்கள்?’ என்று கேட்பது வேறு அல்லவா?

1991ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று, ‘சூப்பர் பௌல்’ எனப்படும் இறுதிப் போட்டியில் பஃபலோ பில்ஸ் அணி 19 புள்ளிகளும், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 20 புள்ளிகளும் பெற்றிருந்தன. எட்டு விநாடிகளே மிச்சம். பஃபலோ அணியின் ஸ்காட் நார்வுட் 47 கெஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து வலக் கம்பத்துக்கு வெளியே சென்றது. தோல்வி! அந்த ஆட்டத்தில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்து ஜயன்ட்ஸ் அணியிடமே இருந்தது. அதைத் தடுக்க முடியாமற்போனது நார்வுட்டின் குற்றமா? ஆயினும் அவர் ஓடி ஒளியவில்லை. நிருபர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். மறுநாள் பஃபலோ நகரில் பல்லாயிரம் பேர் கூடி, அவர் பெயரைச் சொல்லி அன்போடு அழைத்தனர். நெகிழ்ச்சியோடு அவர் அவர்கள் முன் வந்து நின்றார். அடுத்த ஆண்டு டென்வர் அணியை 10–7 என்று வென்று பஃபலோ மீண்டும் இறுதிப் போட்டிக்குச் சென்றபோது, அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைத் தந்தது நார்வுட்டின் உதையே!

பயிற்சியாளரின் கடமை இன்னும் கடினமானது. 2015ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் சியாட்டில் அணி வெற்றிக்கு ஒரே கெஜம் தொலைவில் இருந்தபோது, பந்தை எறியும் உத்தி பலிக்காமல் 28–24 என்று தோற்றது. எறிந்தவர் ஒருவர், உத்தியைச் சொன்ன துணைப் பயிற்சியாளர் மற்றொருவர். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் எவரையும் கைகாட்டாமல், பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். குடும்பத் தலைவர் பிள்ளைகளை விட்டுக்கொடுக்காததைப் போன்றது இது.

அவசரத் தீர்ப்பு எவ்வளவு தவறாகலாம் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று, சிகாகோ அணியின் கோடி பார்க்கி கடைசி விநாடிகளில் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, கீழ்க் குறுக்குச் சட்டத்திலும் பட்டு வெளியே விழுந்தது. அணி 15–16 என்று தோற்றது. சொந்த ரசிகர்களே அவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். பிறகு படத்தை நிதானமாகப் பார்த்தபோது, எதிரணி வீரர் ஒருவரின் விரல் பந்தில் பட்டிருந்தது தெரிந்தது. மறுநாள் லீகும் அதைத் தடுக்கப்பட்ட உதை என்றே பதிவு செய்தது. ஆனால் அதற்குள் பழி ஊரெங்கும் பரவிவிட்டது.

2016ஆம் ஆண்டு ஜனவரியில் மின்னசோட்டா அணியின் பிளேர் வால்ஷ் 27 கெஜத்திலிருந்தே குறி தவறினார். அணி ஒரே புள்ளியில் தோற்றது. பெரியவர்கள் பலர் அவரைக் கேலி செய்தார்கள். அம்மாநிலத்தின் பிளேன் என்னும் ஊரில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோ படம் வரைந்து, ஆறுதல் கடிதங்கள் எழுதி அனுப்பினார்கள். சில நாட்களில் வால்ஷ் அப்பள்ளிக்கே சென்று அவர்களுக்கு நன்றி சொன்னார். பத்திரிகைகளும் அச்செய்தியை மகிழ்ச்சியோடு வெளியிட்டன.

தோழிகளே, பந்தயத்தில் யாரேனும் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். தோற்றவர் மறைக்காமல் பதில் சொல்வது வீரம். தலைவர் பழியைத் தாங்குவது பெருந்தன்மை. கேட்பவர் உண்மை முழுதும் தெரியும்வரை பொறுத்திருப்பது நேர்மை. நம் மைதானத்திலும் கடைசிப் பந்தைத் தவறவிட்ட தோழி தலைகுனிந்து நிற்கும்போது, முதலில் அவளருகே செல்வோம். கேள்விகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.