வசந்தம் தாமதமாகும்போது வீட்டு நாயும் பூனையும்

நாட்காட்டியும் வானிலையும்

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் வசந்தம் மார்ச் 20 வாக்கில் தொடங்குவதாக நாட்காட்டி சொல்லும். வானிலை அதைப் பெரிதாக மதிப்பதில்லை. 2018-இல் ஏப்ரல் பாதி ஆன பிறகும் டொராண்டோவில் ஐஸ் மழை கொட்டி, கிளைகள் முறிந்து, பல வீடுகளுக்கு மின்சாரம் போனது. அங்கே தோட்டம் போடுகிறவர்கள் மே 25-க்கு முந்தைய திங்களன்று வரும் விக்டோரியா தின விடுமுறை வரையில் தக்காளி நாற்றை வெளியே நடத் துணிவதில்லை.

வீட்டுப் பிராணிகளுக்கு ஜனவரியின் கடுங்குளிரைவிட இந்த இழுபறிக் காலமே சிக்கலானது. ஜனவரியில் எல்லாம் உறைந்து கிடக்கும். எல்லாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். ஏப்ரலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் நடக்கிறது. நாயின் முடி பகல் வெளிச்சத்தைப் பார்த்து உதிர்கிறது. உண்ணி வெப்பநிலையைப் பார்த்து எழுகிறது. மனிதர்கள் தேதியைப் பார்த்துக் கம்பளிச் சட்டையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்தக் கணக்குகள் ஒத்துப்போகாத வாரங்களில்தான் நோயும் விபத்தும் நுழைகின்றன.

முடி உதிர்வும் குளிரும்

ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் போன்ற இனங்களுக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே சற்று முரடான முடி நீரைத் தடுக்கும்; உள்ளே பஞ்சு போன்ற முடி வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உள்முடி எப்போது உதிர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பகலின் நீளமே தீர்மானிக்கிறது. இரவு குறையக் குறைய மூளையில் மெலடோனின் சுரக்கும் நேரமும் குறைகிறது; உடல் அதைக் கோடைக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. ஏப்ரல் இறுதியில் டொராண்டோவில் பகல் ஏறத்தாழ 14 மணி நேரம். வெளியே பனி பெய்துகொண்டிருந்தாலும் நாய் தன் குளிர்கால உடுப்பைக் கழற்றத் தொடங்கிவிடுகிறது. முழுநேரமும் வீட்டு விளக்கில் வாழும் நாய்களுக்கு இந்த ஒழுங்கு குலைந்து, ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதும் உண்டு.

தினமும் சீவிவிடுவது இந்த நாட்களில் அழகுக்காக மட்டும் அல்ல. உதிர்ந்த உள்முடி வெளியேறாமல் சிக்குப் பிடித்தால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் அடியில் தோல் புண்ணாகும். மொத்தமாகச் சவரம் செய்துவிடுவது இதற்குத் தீர்வு ஆகாது. அப்படிச் செய்தால் குளிருக்கும் வெயிலுக்கும் இருந்த காப்பு ஒன்றாகப் போய்விடும்.

வறண்ட குளிரைவிட ஈரக் குளிர் கொடியது. பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வறண்ட காற்றைத் தாங்கும் நாய், 3 டிகிரி மழையில் நனைந்தால் நடுங்கும். நடுக்கம், ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குதல், நடக்க மறுத்தல் ஆகியவை வீட்டுக்குத் திரும்பச் சொல்லும் அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 37-க்குக் கீழே இறங்கினால் போர்வையில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகள், முதிய நாய்கள், முடி குறைந்த சிறிய இனங்கள் ஆகியவற்றுக்கு மே முதல் வாரம்வரை மேற்சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உப்பும் பாதமும்

பகலில் உருகி இரவில் உறையும் நாட்களில் நடைபாதைகளில் திரும்பத் திரும்ப உப்பு தூவப்படுகிறது. சாதாரண உப்பு சுமார் மைனஸ் 10 டிகிரிவரைதான் நன்றாக வேலை செய்யும் என்பதால் கால்சியம் குளோரைடும் பயன்படுகிறது. இது நீரில் கரையும்போது சூடு வெளிவிடும். நாயின் விரல் இடுக்கில் சிக்கிய துகள் அங்குள்ள ஈரத்திலேயே கரைந்து தோலைச் சுட்டுவிடும். பாதத் திண்டுகளுக்கு நடுவே சிவப்பு, வெடிப்பு, விடாமல் நக்குவது என்று அது வெளிப்படும். நக்கும்போது உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தியும் தாகமும் வரலாம். நிறையப் போனால் வலிப்புவரை கொண்டுபோகும்.

வாசலில் ஒரு பேசின் வெதுவெதுப்பான நீர் இருந்தால் போதும். ஒவ்வொரு பாதத்தையும் முக்கி, விரல்களை விரித்து இடுக்கில் விரலால் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் கழுவியதில் பாதிப் பயன்தான். திண்டுகளுக்கு இடையே வளரும் முடியை மட்டமாக வெட்டிவிட்டால் பனி உருண்டை கட்டாது. காலணி அணியப் பழகிய நாய்க்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் முதல் நாளே எந்த நாயும் அதில் ஒழுங்காக நடந்துவிடாது.

பனி உருகினால் தெரிவது

நான்கு மாதக் குப்பையைப் பனி மூடி வைத்திருக்கிறது. உருகும்போது அத்தனையும் ஒரே வாரத்தில் வெளிப்படும்: அழுகிய உணவு, பூஞ்சை பிடித்த ரொட்டி, யாரும் அள்ளாத நாய்க் கழிவு. பூஞ்சை உணவில் உள்ள சில நச்சுகள் நாய்க்குக் கைகால் உதறலை உண்டாக்கும். பழைய கழிவில் இருக்கும் உருண்டைப்புழு முட்டைகள் உறைபனியில் அழிவதில்லை. மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் அவை தொற்றும்.

தேங்கிய பனிநீரில் இரண்டு ஆபத்துகள். ஒன்று ஜியார்டியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, நாட்கணக்கில் வயிற்றுப்போக்கு தரும். மற்றது எலிக்காய்ச்சல். எலி, ரக்கூன், ஸ்கங்க் ஆகியவற்றின் சிறுநீர் வழியாகக் கிருமி நீருக்கு வருகிறது. டொராண்டோவில் ரக்கூன் ஏறாத குப்பைத்தொட்டி அரிது என்பதால் இதை ஏதோ காட்டுப்புற நோய் என்று ஒதுக்க முடியாது. சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும் இந்நோய் மனிதருக்கும் வரும். நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. வெளியே போகுமுன் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் காட்டினால் குட்டையில் வாய் வைப்பது குறையும்.

வசந்தத்தில் காரின் குளிரூட்டி நீரை மாற்றுகிறவர்கள் சிந்தும் ஆன்டிஃப்ரீஸ் மிகக் கொடியது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பூனைக்கு ஒரு தேக்கரண்டி அளவே உயிரைப் பறிக்கும். குடித்த பிராணி முதலில் போதையில் தள்ளாடுவதுபோல் நடக்கும். பிறகு தேறிவிட்டதுபோல் தோன்றும். அந்த இடைவெளியில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் நின்றுவிடும். மாற்றுமருந்து இருக்கிறது, ஆனால் நாய்க்குச் சில மணி நேரத்துக்குள், பூனைக்கு அதைவிட விரைவாகக் கொடுத்தால்தான் பலன்.

குளங்களின் மேல் இன்னும் பனிக்கட்டி தெரிந்தாலும் அது உள்ளுக்குள் நைந்து போயிருக்கும். உள்ளே விழுந்த நாயைத் தொடர்ந்து பனியில் இறங்கக் கூடாது. கரையில் நின்றபடி கூப்பிட்டு, அவசர உதவியை அழைக்க வேண்டும்.

உண்ணியும் இதயப்புழுவும்

லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி கோடைக்காகக் காத்திருப்பதில்லை. பனி மூடாத இடத்தில் வெப்பநிலை 4 டிகிரியைத் தாண்டினால் அது புல் நுனியில் ஏறி நிற்கும். ஆகவே தாமத வசந்தத்திலும் இடையிடையே வரும் மிதமான நாள் ஒவ்வொன்றும் உண்ணி நாள்தான். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் பள்ளத்தாக்கிலும் இந்த உண்ணி இருக்கிறது. நடந்து திரும்பியதும் காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். கிருமி உடலுக்குள் இறங்க உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றன்றே எடுத்துவிடுவது பெரும் காப்பு. நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது.

உண்ணி மருந்தில் இன்னொரு எச்சரிக்கை. நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு நஞ்சு. நாய்க்குப் பூசிய மருந்தைப் பூனை நக்கினாலே வலிப்பு வரலாம்.

இதயப்புழுவின் கணக்கு வேறு. கொசுவின் உடலுக்குள் அதன் இளம்புழு வளர 14 டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர வேண்டும். ஒன்டாரியோவில் ஜூன் முதல் நவம்பர்வரை தடுப்பு மாத்திரை கொடுப்பது வழக்கம்; அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. வசந்தம் தாமதமானால் கொசு தாமதமாகும், உண்ணி தாமதமாகாது. ரத்தப் பரிசோதனைக்காக மருத்துவரிடம் போகும்போதே வெறிநோய்த் தடுப்பூசியின் தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனைகளுக்கு அது ஒன்டாரியோவில் சட்டப்படி கட்டாயம்.

வீட்டுக்குள் அடைபட்ட நாட்கள்

நடை குறைந்தும் தட்டு குறையாத நாய் குளிர்காலம் முடியும்போது பருத்திருக்கும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தேடினாலும் கிடைக்காவிட்டால் எடை கூடிவிட்டது. முதிய நாய்க்குக் கூடும் ஒவ்வொரு கிலோவும் மூட்டின் மேல்தான் ஏறும். தின்பண்டம் நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உணவைத் துண்டுக்குள் சுருட்டியோ அறைக்கு அறை ஒளித்துவைத்தோ தேடவிட்டால், வெளியே போக முடியாத நாளிலும் நாய் களைக்கும். மோப்பம் பிடிப்பதும் உழைப்பே.

தமிழர் வீட்டு மிச்சத்தில் கவனிக்க வேண்டியது வெங்காயம். சாம்பார் சாதத்தில் கரைந்த வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தின் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈஸ்டர் சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது. அதே பண்டிகைக்கு, வெளியே பூ இல்லாத குறைக்கு, வீட்டுக்குள் வரும் வெள்ளை லில்லி பூனைக்கு எமன். இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எதை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழக்கும். பூனை இருக்கும் வீட்டில் லில்லியை உயரத்தில் வைப்பது போதாது, வாங்கவே கூடாது.

கயிற்றைப் பிடிப்பவர்

கண்ணாடிபோல் உறைந்த நடைபாதையில் நாய்க்கு நான்கு கால், இழுபடுபவருக்கு இரண்டு. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் விழும்போது எலும்பு முறியலாம். காலணிக்கு மாட்டும் முட்பட்டையும் குட்டையான கயிறும் முதியவர்களுக்கு அவசியம். நண்பகலில் நடப்பது வழுக்கலைக் குறைக்கும். நீண்ட குளிர்காலத்தில் சோர்ந்த மனதுக்கும் அந்த வெளிச்சம் நல்லது.

முதல் வெயில் நாள்

வசந்தம் வரும்போது சில சமயம் ஒரே நாளில் 22 டிகிரியாக வந்து நிற்கும். வெப்பத்துக்குப் பழக நாயின் உடலுக்கு வாரக்கணக்கில் ஆகும். அன்றைக்கு முழுக் குளிர்கால ஏக்கத்தையும் தீர்க்கும்படி ஓடவிட்டால் வெப்பத்தாக்கு வரலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு முதலில் வரும். நிற்காத இளைப்பு, தள்ளாட்டம், கருஞ்சிவப்பு ஈறு கண்டால் நிழலுக்குக் கொண்டுபோய் உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்தபடியே மருத்துவரை அழைக்க வேண்டும். அதே 22 டிகிரியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும், பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் அதில் பெரிய மாற்றம் இல்லை.