சொக்லேட் அரைத்த குடும்பங்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆரையம்பதிக் கடைகளில் சொக்லேட் வாங்கினால், உறையைப் பிரித்ததும் மேலே வெள்ளையாக ஒரு படை தெரிவதுண்டு. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பிள்ளையின் கையிலிருந்து பறித்து எறியும் தாய்மார் இருக்கிறார்கள். அது பூஞ்சணம் அல்ல. தின்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. உள்ளே இருந்த கொழுப்பு உருகி மேலே வந்து, மறுபடி உறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் எனப்படும் அந்தக் கொழுப்பு ஆறு வகைப் பளிங்குகளாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் சொக்லேட் செய்பவர்களுக்கு வேண்டியது. மினுக்கம் தருவது அது. உடைத்தால் 'டக்' என்று முறிவது அதனால்தான். அது உருகுவது 34 பாகை செல்சியஸ் அளவில். நம் உடம்புச் சூடு 37 என்பதால் வாயில் போட்டதும் கரைகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் மதிய வெயிலே 34ஐத் தொட்டுவிடும் என்பதுதான் சிக்கல். லொறியில் வரும்போது ஒருமுறை இளகும், கடைக் குளிர்ப்பெட்டியில் இறுகும், மின்சாரம் நின்றால் திரும்பவும் இளகும். ஒவ்வொரு தடவையும் பழைய பளிங்கு குலைந்து வேறொன்று உருவாகிறது.

இந்த ஒரு கொழுப்பைத் தன் சொல் கேட்கவைப்பது யார் என்பதில்தான் ஐரோப்பாவின் சொக்லேட் குடும்பங்கள் நூறு வருடம் மோதிக்கொண்டன. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு பொறியோ ஒரு செய்முறையோ இருந்தது. அதைப் பக்கத்து வீட்டான் அறியாமல் காப்பதே தொழிலாக இருந்தது.

தொடக்கம் ஆம்ஸ்டர்டாமில். வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் ஓர் அழுத்தும் பொறிக்குக் காப்புரிமை பெற்றது. வறுத்து அரைத்த கொக்கோக் கூழை அதில் வைத்து நசுக்கினால் கொழுப்பு வடிந்துவிடும். எஞ்சும் பிண்ணாக்கை இடித்தால் கொக்கோத் தூள். அதுவரை சொக்லேட் என்பது குடிக்கும் பானம்தான். எண்ணெய் மிதக்கும் பானம். பிழிந்தெடுத்த வெண்ணெய்க்கு நல்ல பயனைக் கண்டது பிரிஸ்டலின் ஃப்ரை குடும்பம். 1847இல் அவர்கள் கொக்கோவோடும் சீனியோடும் அந்த வெண்ணெயைத் திரும்பச் சேர்த்து அச்சில் வார்த்தார்கள். கடித்துத் தின்னும் சொக்லேட் கட்டி அப்படித்தான் வந்தது. பேர்மிங்ஹாமின் கட்பரி சகோதரர்கள் 1866இல் ஒல்லாந்துப் பொறியை வாங்கிப்போட்டு, கலப்பில்லாத கொக்கோ எங்களுடையதுதான் என்று விற்கத் தொடங்கினார்கள். யோர்க் நகரில் ரௌன்ட்ரி குடும்பம். மூன்று குடும்பமும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் அவர்களுக்கு மூடியிருந்தன. போர்த்தொழிலை அவர்களின் சமயமே விலக்கியது. மிஞ்சியது வியாபாரம். மதுவுக்கு மாற்றாகக் குடிக்க ஒன்றைக் கொடுப்பது அவர்களுக்கு நல்ல காரியமாகவும் பட்டது. ஒரே சமயக் கூட்டத்தில் இருந்தவர்கள் சந்தையில் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டியை முதலில் வார்த்த ஃப்ரை, 1919இல் கட்பரியோடு இணைந்து அதன் நிழலுக்குள் போனது.

ஆனால் உண்மையான வித்தை சுவிற்சர்லாந்தில் நடந்தது. வெவே என்ற ஊரில் டானியல் பீட்டர் மெழுகுதிரி செய்துகொண்டிருந்தார். சொக்லேட் வியாபாரியான கய்யேயின் மகளை மணந்து மாமனார் தொழிலுக்கு மாறினார். பாலையும் சொக்லேட்டையும் சேர்க்கப் பல வருடம் முயன்றும் முடியவில்லை. காரணம் தண்ணீர். பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். உருகிய சொக்லேட்டில் சிறிது ஈரம் பட்டாலே சீனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி முழுக் கூழும் களியாக இறுகிவிடும். தண்ணீரை முதலில் வற்றவைத்த பாலைக் கொண்டுதான் 1875இல் அவருக்குப் பால் சொக்லேட் கைகூடியது. அதே ஊரில் குழந்தைகளுக்குப் பால்மா உணவு செய்து விற்ற ஹென்றி நெஸ்லே அவருடைய அயலவர்.

நான்கு வருடம் கழித்து, 1879இல், பேர்ன் நகரில் ரொடோல்ஃப் லிண்ட் ஒரு பொறியை ஓட்டினார். அதன் பெயர் கொன்ச். பொறி பார்வைக்கு எளிமையானது. நீளமான கருங்கல் தொட்டி. அதற்குள் முன்னும் பின்னுமாக உருளும் ஒரு கல் உருளை. தொட்டியின் இரு முனையிலும் வளைவு. உருளை அங்கே போய் மோதும்போது கூழ் எழும்பித் திரும்பித் தன் மேலேயே விழும். உரசலில் சூடு ஏறும். இரவு முழுக்கப் பொறியை நிறுத்த மறந்துபோனதால் கிடைத்த கண்டுபிடிப்பு என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, நடப்பது இதுதான்: கொக்கோ விதையைப் புளிக்கவைக்கும்போது சேர்ந்த வினாகிரி மணம் சூட்டில் ஆவியாகிப் போகிறது. எஞ்சிய ஈரமும் போகிறது. ஒவ்வொரு துகளையும் கொழுப்பு முழுதாகச் சூழ்ந்துகொள்கிறது. லிண்ட் மேலதிகமாகவும் கொக்கோ வெண்ணெய் சேர்த்தார். அதுவரை நறநறவென்று கடிபட்ட சொக்லேட் அன்றுதான் வாயில் வழுக்கி இறங்கியது.

இருபது வருடம் அந்தப் பொறியை லிண்ட் எவருக்கும் காட்டவில்லை. சூரிச்சில் ஸ்பிரங்லி குடும்பத்தில் 1892இல் தந்தை சொத்தைப் பிரித்துக்கொடுத்திருந்தார். ஒரு மகனுக்கு இனிப்புக் கடைகள், இன்னொரு மகன் யோகான் ருடோல்ஃபுக்குச் சொக்லேட் தொழிற்சாலை. தொழிற்சாலை கிடைத்தவர் 1899இல் 15 இலட்சம் தங்க பிராங் கொடுத்து லிண்டின் தொழிற்சாலையையும் செய்முறையையும் பெயரையும் வாங்கினார். சில வருடத்தில் லிண்ட் உறவினர் பேர்னில் தனியாகத் தொழில் தொடங்க, பெயர் யாருக்கு என்ற வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட அந்த இரண்டு தொழில்களும் இன்றும் தனித்தனியாகவே நடக்கின்றன.

அமெரிக்காவில் மார்ஸ், ஹெர்ஷி போட்டியும் கொழுப்பைச் சுற்றியதுதான். தந்தையோடு பிணங்கிப் பிரிந்த ஃபொரஸ்ட் மார்ஸ், ஹெர்ஷி கம்பனித் தலைவரின் மகன் புரூஸ் மரியைப் பங்காளியாக்கி 1941இல் எம் அண்ட் எம் வில்லைகளைக் கொண்டுவந்தார். இரண்டு எம்மும் அவர்களின் பெயர்களே. சொக்லேட்டைச் சீனி ஓட்டுக்குள் அடைத்துவிட்டால் வெயிலில் கையில் ஒட்டாது. போர்க்காலத்தில் படையினர்தான் அதை முதலில் பெருமளவில் தின்றார்கள்.

இலங்கையிலும் இது குடும்பப் பெயர்களின் கதைதான். உபாலி விஜேவர்தன டெல்டா டொபியில் தொடங்கி வளர்த்த குழுமத்தினுடையது கண்டோஸ் சொக்லேட். 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய சிறிய ஜெட் விமானம் வந்து சேரவேயில்லை. அவர் போன பிறகும் கண்டோஸ் நிலைத்து நின்றது. மினேக்க விக்கிரமசிங்க 1968இல் தொடங்கிய சிலோன் பிஸ்கட்ஸ், மன்ச்சி பிஸ்கட்டோடு ரிட்ஸ்பரி என்ற பெயரில் சொக்லேட்டும் விற்கிறது. நம் கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் அருகருகே இருக்கும். வாங்கும்போது உறையின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள் என்பேன். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்த வகைகள் உலகெங்கும் மலிவாக விற்கப்படுகின்றன. அவை வெயிலைத் தாங்கும். ஆனால் உண்மைச் சொக்லேட் கரைவதுபோல வாயில் கரையாது.

லிண்ட் பூட்டிவைத்த வித்தை கடைசியில் யார் கைக்கு வந்தது என்பதுதான் என்னை மிகவும் மகிழவைக்கும் பகுதி. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார் என்று சொல்வார்கள். இட்லிக்கும் தோசைக்கும் பிறந்த பொறி. 2000களில் அமெரிக்காவில் வீட்டிலேயே சொக்லேட் செய்ய முயன்றவர்கள் அந்தத் தென்னிந்தியக் கிரைண்டருக்குள் வறுத்து உமி நீக்கிய கொக்கோவைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். கருங்கல் உருளைகள் கருங்கல் தளத்தில் சுழலும்போது அரைபடுவதும் கொன்ச் செய்யும் வேலையில் பெரும்பகுதியும் ஒன்றாக நடந்துவிட்டன. மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்கைவிடத் துகள் பெரிதாக இருந்தால் நாக்குக் கண்டுபிடித்துவிடும். அந்த மென்மைக்கு வர ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் விடாமல் ஓடவேண்டும். அரை மணித்தியாலம் மாவரைக்கச் செய்த மோட்டார் அதைத் தாங்காது. ஆகவே வலுவான மோட்டாரும் சூடு தாங்கும் பாகங்களும் வைத்துச் சொக்லேட்டுக்கென்றே கிரைண்டர்கள் வந்தன. இன்று உலகின் பல சிறு சொக்லேட் பட்டறைகளில் சுழல்வது இந்தக் கல்தான்.

மாத்தளையிலும் கேகாலையிலும் கொக்கோ காய்க்கிறது. எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று நாளைக்கு இதில் இறங்குவதானால் கிரைண்டர் பெரிய தடையாக இராது. வார்த்து உறையவைக்கக் குளிரூட்டிய ஓர் அறை வேண்டும், செலவு அதில்தான். சீனிக்குப் பதில் பனங்கட்டி போட ஆசைப்பட்டால் அதை முதலில் தூளாக்கி, ஈரம் முழுவதும் போகுமட்டும் உலர்த்தியெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பீட்டரின் பாலுக்கு நேர்ந்ததே நேரும். கூழ் களியாக இறுகிக் கல் நின்றுவிடும்.