கனவில் கணக்குப் போட்டவர்கள்

எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? சின்னப் பிள்ளைகள் விரல் மடக்கிச் சொல்லிவிடும் கணக்கு. இதைக் கேட்டவர்கள் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பதில் சொல்ல வேண்டிய 19 வயதுக்காரர் அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தார். தலையிலும் கண்ணோரத்திலும் ஒட்டியிருந்த மின்முனைகள் அவர் நடிக்கவில்லை, தூங்கத்தான் செய்கிறார் என்று காட்டிக்கொண்டிருந்தன. மூடிய இமைகளுக்குள் அவருடைய கண்கள் இடமும் வலமுமாக இரண்டு முறை போய்வந்தன. இரண்டு. சரியான விடை.

அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்த வேலை இது. 2021-ல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வெளிவந்தது. 36 பேர் கலந்துகொண்டார்கள். கனவுக்குள் இருந்தவர்களிடம் 158 முறை கேள்வி கேட்டதில் 18.4 சதவீதம் சரியான விடை, 3.2 சதவீதம் தப்பு. பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில், கண்ணைத் திறந்து வைத்திருந்த பிள்ளைகளிடமும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் தேறியதில்லை.

‘இது கனவு’ என்று கனவுக்குள் இருக்கும்போதே தெரிந்துகொள்வதைத்தான் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். பறப்பதும் மலையைப் புரட்டுவதும் அதில் கட்டாயமில்லை. தெரிந்திருப்பதுதான் முக்கியம், ஆட்டிவைப்பது அப்புறம். 2016-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், பாதிக்குச் சற்று மேலானவர்கள், 55 சதவீதம் பேர், வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கண்டிருக்கிறார்கள். உங்களுக்கும் வந்திருக்கலாம். பேய் துரத்தும்போது ‘அட, இது கனவுதானே’ என்று தோன்றி, அடித்துப் பிடித்து எழுந்திருப்பீர்கள்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ஒரு தொல்லையால். பணி ஓய்வு பெற்ற பிறகும் பரீட்சை ஹால் கனவு என்னை விடவில்லை. நான்தான் கண்காணிப்பாளர். வினாத்தாள் கட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போவேன், கடைசிப் பிள்ளைக்கு ஒன்று குறையும். மணி அடித்துவிடும். நெஞ்சு படபடக்க விழித்துப் பார்த்தால், மயிலாடுதுறையில் என் வீட்டுக் கட்டிலில் கிடப்பேன். இத்தனைக்கும் கனவில் வரும் அந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் பல வருஷமாகிறது. அது ஏன் கனவுக்குள் எனக்கு உறைப்பதில்லை என்று யோசித்ததில்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

உறைக்காததற்குக் காரணம் உண்டு. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் கண்கள் வேகமாக உருளுவதைப் பதிவுசெய்தார்கள். ரெம் உறக்கம் என்று பெயர். பளிச்சென்ற கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் மூளையின் பார்வைப் பகுதியும் உணர்ச்சிப் பகுதியும் மும்முரமாக இருக்க, ‘இது பொருந்தவில்லையே’ என்று கேள்வி கேட்கும் நெற்றிப் பக்கத்துப் பகுதி அடங்கிக் கிடக்கும். இடித்த கட்டடம் எழுந்து நின்றாலும் தட்டிக் கேட்க ஆளில்லை. தெளிகனவில் அந்தப் பகுதி ஓரளவு விழித்துக்கொள்கிறது.

ரெம் உறக்கத்தில் கழுத்துக்குக் கீழே தசைகளையெல்லாம் மூளை கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே! மூச்சுக்கான உதரவிதானத்துக்கும் கண்களுக்கும் மட்டும் விலக்கு. இந்த விலக்கை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பிடித்துக்கொண்டார். தெளிகனவு வந்ததும் கண்களை இடமும் வலமும் இத்தனை முறை ஆட்ட வேண்டும் என்று ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே பேசிவைத்தார். 1975 ஏப்ரலில் ஒரு நாள் காலை, தூங்கிக்கொண்டிருந்த வொர்ஸ்லியின் கண் அசைவு பேசிவைத்தபடியே வரைபடத்தில் வந்து விழுந்தது. உள்ளேயிருந்து வெளியே வந்த முதல் தந்தி அதுதான். இது தெரியாமலேயே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் அதே வழியைக் கண்டுபிடித்து 1981-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதன் பிறகுதான் விஞ்ஞானிகள் இதைக் கதை என்று ஒதுக்குவதை விட்டார்கள்.

சரி, கற்றுக்கொள்வது எப்படி? முதல் வேலை கவர்ச்சியே இல்லாதது: கனவை எழுதிவைப்பது. நினைவில் நிற்காத கனவு தெளிந்தால் என்ன, தெளியாவிட்டால் என்ன! தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், செல்போனை எடுக்காதீர்கள். கண்ணை மூடியபடி, கடைசியாக என்ன பார்த்தோம், அதற்கு முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். ஒரு வரிதான் கிடைக்கிறதா, அதை எழுதுங்கள். ‘கனவே வராது எனக்கு’ என்று சொல்பவர்களுக்கும் கொஞ்ச நாளில் பக்கம் நிறைய ஆரம்பிக்கும். 1867-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஹெர்வே த சான் தெனி, பதின்மூன்று வயதுப் பையனாகக் கனவு நோட்டுப் போட ஆரம்பித்தவர்.

நோட்டைப் புரட்டினால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எனக்கு அந்த ஓட்டுக் கட்டடம், மணிச் சத்தம், இறந்துபோன தலைமையாசிரியை. இப்படித் திரும்ப வருபவைதான், ‘இது கனவு’ என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்.

அடுத்தது பகல் சோதனை. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டுப் பார்ப்பது ஒன்று. கனவில் மூச்சு தாராளமாகப் போகும். எழுத்தையோ கடிகாரத்தையோ ஒருமுறை பார்த்து, தலையைத் திருப்பி மறுபடி பார்ப்பது இன்னொன்று. கனவில் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் சும்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிவதால் பலனில்லை. ‘நான் இப்போது கனவில் இருக்கிறேனா?’ என்று சந்தேகத்தோடு கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை மட்டும் செய்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பலன் தருவது விடியற்காலை வேலை. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றில் ரெம் பத்து நிமிடம் போல இருக்கும். விடியும்போது அரை மணி நேரத்துக்கும் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வது பலிப்பதால் அல்ல, நினைவில் நிற்பதால்தான் என்பது என் கட்சி. படுத்து ஐந்து மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ‘அடுத்த முறை கனவு காணும்போது, அது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்’ என்று சொல்லிக்கொண்டே, அதே கனவில் தெளிவது போலக் கற்பனை செய்தபடி தூங்கிப்போங்கள். கடைத்தெருப் பக்கம் போனால் கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்று மனசில் போட்டுவைப்போமே, அதே ஞாபகசக்திதான் இதற்கும். இது லாபெர்ஜ் வகுத்த முறை. ஆஸ்பியின் ஆய்வில் பகல் சோதனையோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. சொல்லிமுடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு ஏறக்குறைய 46 சதவீதம். ஆக, படுத்ததும் தூங்கும் பாக்கியசாலிகளுக்கே இதிலும் முதல் மரியாதை.

இதற்காக நான் அலாரம் வைத்து எழுந்ததில் மாமியாருக்குத் தூக்கம் போனது. “ஏம்மா, முழிச்சிருக்கும்போது போட்ட கணக்கெல்லாம் போதாதா, கனாவுலயும் போடணுமா?” என்றார். “ஒரு தடவ போட்டுப் பாத்துடுறேன் அத்தை” என்றேன்.

போட்டும் பார்த்தேன். ஹாலில் மணி அடித்தது. இந்தக் கட்டடம் இப்போது இல்லையே என்று தோன்றியது. உடனே எல்லாம் பளிச்சென்று ஆனது, ஓட்டு இடுக்கில் விழும் வெயில் வரைக்கும். பறக்கலாமா என்று நினைக்கக்கூட இல்லை. நேராகக் கரும்பலகைக்குப் போய் 17-ஐ 7-ஆல் பெருக்கினேன். 119 என்று எழுதினேன், சரிதான். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பலகையில் வேறென்னவோ இலக்கம். சிரிப்பு வந்து விழித்துக்கொண்டேன். ஆரம்பத்தில் பலருக்கும் இப்படித்தான், சந்தோஷமே கனவைக் கலைத்துவிடும். கனவுக்குள்ளேயே இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் நீடிக்கும் என்கிறார்கள். எனக்கு நீடித்திருக்கிறது. பின்னொரு நாள், வினாத்தாள் குறைந்த பிள்ளையிடம் ‘நீ விளையாடப் போ’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு அந்தக் கனவு வந்தாலும் பழைய படபடப்பு இல்லை. கெட்ட கனவுகளால் அவதிப்படுபவர்களுக்கு இதை ஒரு சிகிச்சையாகவே சில நிபுணர்கள் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

அபாயம் இல்லாமல் இல்லை. நடுவில் எழுந்து படுக்கும்போது, மனம் விழித்தும் உடம்பு கட்டவிழாமல் கிடக்கலாம். மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பயப்படாமல் மூச்சைக் கவனித்துக் கிடந்தால் சீக்கிரம் விலகிவிடும். மறதி நோய்க்கான கேலன்டமைன் மாத்திரை தெளிகனவைக் கூட்டுவதாக 2018-ல் ஆய்வு வந்தது உண்மை. அதற்காக மருந்துக்கடையில் போய்க் கேட்காதீர்கள். எது நிஜம் எது கற்பனை என்று பிரித்தறிவதில் சிரமமுள்ள மனநோயாளிகள் இந்தப் பக்கமே வரக் கூடாது. தூக்கம் வராமல் தவிப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். மற்றவர்களும் மறுநாள் வேலை இல்லாத இரவாகப் பார்த்து, வாரத்துக்கு ஒருமுறை முயன்றால் போதும். தினம் தினம் நடுராத்திரியில் எழுந்து கெடுத்துக்கொள்ளும் தூக்கத்துக்கு எந்தக் கனவும் ஈடில்லை.

தெளிகனவுக்கென்று மின்விளக்கு முகமூடி விற்கிறார்கள், வகுப்பு நடத்துகிறார்கள், சான்றிதழ்கூடக் கொடுக்கிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் வாங்குங்கள். பணம் கட்டிக் கற்றுக்கொள்ள இதில் வேறொன்றும் இல்லை.